ஒழுகலை நிறுத்தியவன்

சென்ற மாதம் செந்தில் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அல் கூஸில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த அதே ஒர்க்ஷாப். ஈயம் உருக்கும் பானையின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈயம் விழுந்துகொண்டிருந்தது. கீழே வைத்திருந்த தகரத் தட்டில் அது வெள்ளி வில்லைகள்போல உறைந்து கிடந்தது. பின்னால் செந்திலின் குரல்: "அண்ணே, ராடு மாத்திட்டேன். நாசிலும் மாத்திட்டேன். ரெண்டு நாள் நல்லாருக்கு, மறுபடியும் ஒழுகுது. என்ன செய்யலாம்?"

செந்தில் நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த ஃபிட்டர். நாற்பதைத் தாண்டியவர், கெட்டிக்காரர். நான் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பழைய ஈயம் இப்போது எங்கிருந்து வருகிறது? பார்த்துச் சொல்கிறேன் என்றார். பார்த்தார். அன்றே பானையை நிறுத்திவிட்டார்.

"இதையெல்லாம் எழுதி நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போடுங்கண்ணே, எல்லாருக்கும் உதவும்" என்று அவர்தான் சொன்னார். எழுத உட்கார்ந்தேன். பானை ஒழுகினால் என்ன செய்வது என்று எழுத அரைப் பக்கம் போதும். ஆனால் அந்த அரைப் பக்கத்தை மட்டும் எழுதி என் பெயரைப் போட்டால் அது ஏமாற்று வேலை. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

நான் அரியலூர் பக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். திருச்சியில் ஒரு லேத் பட்டறையில் நான்கு வருடம் இருந்தேன். ஏஜென்ட் மூலமாக துபாய்க்கு வந்து, மூன்று வருடம் சைட்டில் பைப் வேலை. பிறகு அல் கூஸில் இந்த ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் வேண்டும் என்றார்கள், மாறிக்கொண்டேன். கடலுக்குள் இறங்குகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஈயக் கட்டிகள், மீன் வலையில் கோக்கும் குண்டுகள், படகின் அடியில் வைக்கும் பாரங்கள், இவைதான் எங்கள் சரக்கு. பதினான்கு பேர் வேலை செய்தோம்.

பானையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இடுப்புயர ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் தடித்த இரும்புப் பானை அது. சுற்றிலும் கரண்ட் காயில். நூற்றிருபது கிலோ ஈயம் பிடிக்கும். சாதாரணப் பானையென்றால் கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்ற வேண்டும், மேலே மிதக்கும் கசடும் கூடவே வந்துவிடும். இதில் ஓட்டை அடியில் இருக்கிறது. அதில் ஒரு நாசில். பானையின் நடுவே ஓர் இரும்பு ராடு செங்குத்தாக இறங்கி, அதன் கூம்பு முனை நாசிலின் வாயில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். லிவரைத் தூக்கினால் ராடு எழும்பும், சுத்தமான ஈயம் அடிவழியாக அச்சுக்குள் இறங்கும். லிவரை விட்டால் அடைந்துவிடும். ராடும் நாசிலும் சந்திக்கும் அந்த ஒரு வளையம் சுத்தமாக இருக்கிறவரை பானை ஒழுகாது. உப்புக்கல் அளவு அழுக்கு அங்கே மாட்டினாலும் ஒழுகும்.

எங்கள் ஃபோர்மேன் ரஹ்மத் பாய் பெஷாவர் பக்கத்துக்காரர். ஆறடி உயரம், மருதாணி போட்ட தாடி. உருதுதான் பேசுவார். முதல் வருடம் எனக்குப் பாதி புரியாது. ஆனால் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஏதாவது பழுது என்று கூப்பிட்டால் வருவார், கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார், மிஷின் எதிரே குந்தி உட்காருவார். பத்து நிமிடம் எதையும் தொட மாட்டார். நாங்கள் ஸ்பேனரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்போம். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்புறம் கேட்பார், "க்யா பதலா?" என்ன மாறியது என்று அர்த்தம்.

ஒன்றும் மாறவில்லை பாய் என்போம். தலையாட்டிவிட்டு இன்னொருவரிடம் அதையே கேட்பார். நான் வந்த முதல் வருடம் பானை ஒழுகியபோதும் அப்படித்தான். நான் ராடைக் கழற்றத் தயாராக இருந்தேன். அவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் கூட்டிப் பெருக்குகிறவர், முந்தின நாள் சுத்தம் செய்யும்போது ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்தியதாகச் சொன்னார். ரஹ்மத் பாய் ஒரு காலுக்கடியில் ஒரு வாஷரைச் செருகினார். பானை நேரானது. ஒழுகல் நின்றது. என்னைப் பார்த்து, "ராடு கழற்ற ஒரு மணி நேரம், கேட்க ஐந்து நிமிடம்" என்றார்.

கேட்டும் காரணம் தெரியாவிட்டால்தான் கை வைக்க வேண்டும். அதற்கும் அவரிடம் வரிசை உண்டு. முதலில் பானை சூடாக இருக்கும்போதே, ராடின் தலையில் இருக்கும் வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து இடமும் வலமும் திருப்ப வேண்டும். பாதி ஒழுகல் அதிலேயே நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் ஈயம் முழுவதையும் அச்சுகளில் இறக்கிவிட்டு, சுவிட்சை அணைத்து, பானை ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ராடைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் உருளும்போது பலகையில் தட்டும். நாசிலைக் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டும். ராடின் முனையில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, நாசிலில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், எங்கே உரசுகிறது என்று தெரியும். மோதிரம்போல முழு வட்டம் அழிந்திருக்க வேண்டும். ஓரிடம் விட்டுப்போயிருந்தால் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, முழு வட்டம் கிடைக்கும்வரை கையால் சுற்ற வேண்டும். பிறகு பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, பானையைக் காயவைத்த பிறகுதான் ஈயம் போட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஈயத்துக்கடியில் போனால் பானையே வெடித்ததுபோல மேலே வீசும். பானையைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார். கோட்டுக்குள் தண்ணீர் பாட்டில் மாஃபி, டீ மாஃபி, எதுவும் கூடாது. சாப்பிடப் போகுமுன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

பானையில் ஊற்றுகிற வேலை யோகனுடையது. யோகராசா என்பது முழுப் பெயர். இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். எங்களிடம் வரும்போது இருபத்தாறு வயது. ஊரில் மனைவியும் நான்கு வயது மகளும், அப்போதுதான் பிறந்த ஒரு மகனும். லிவரை அவன் பிடிக்கிற விதமே தனி. அச்சு நிறைகிற சத்தத்தைக் கேட்டே லிவரை விடுவான், ஒரு துளி வழியாது. வெள்ளிக்கிழமை லீவு நாளில் கேம்ப்பில் எல்லோருக்கும் முடிவெட்டுவதும் அவன்தான். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூல், தோளில் போர்த்த பழைய பெட்ஷீட். பாகிஸ்தானிகளும் நேபாளிகளும்கூட அவனிடம்தான் வருவார்கள். ஹட்டன் டவுனில் ஒரு சலூன் போட வேண்டும் என்பது அவன் ஆசை. சலூனுக்குப் பெயர்கூட வைத்திருந்தான், மகளின் பெயர்.

இது பத்து வருடத்துக்கு முந்தைய கதை. ரஹ்மத் பாயின் மனைவிக்கு ஆபரேஷன் என்று செய்தி வந்து அவர் ஊருக்குக் கிளம்பினார். நான்கு மாத லீவு. போகும்போது என்னைக் கூப்பிட்டு, "தங்கராசு, பானையை நீ பார்த்துக்கொள். ஏதாவது சரியில்லை என்றால் போன் பண்ணு. நான் ஆஸ்பத்திரியில் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்" என்றார். சரி பாய் என்றேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை. அவர் இல்லாமல் நான் ஒருவன் சமாளித்தேன் என்று ஆபீஸுக்குத் தெரிய வேண்டும் என்ற நினைப்பு அன்றே வந்துவிட்டது.

அவர் போன மூன்றாவது வாரம் பானை ஒழுகத் தொடங்கியது. ராடைத் திருப்பினேன், நின்றது. மறுநாள் மறுபடியும். இறக்கி, கழற்றி, தேய்த்து, முழு வட்டம் எடுத்துப் போட்டேன். மூன்று நாள் தாங்கியது. நாசிலைப் புதிதாக மாற்றினேன். இரண்டு நாள். ஒரு நாள் லிவரை விட்ட பிறகும் ஒரு சொட்டு விழுந்து யோகனின் ஷூவைப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. பெருவிரலுக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவு காயம்.

"ஒண்ணும் இல்ல அண்ணே, சின்னக் காயந்தான்" என்றான்.

அன்று ராடைக் கழற்றியபோது கூம்பு முனையில் சாம்பல் நிறத்தில் மணல்போல ஒட்டியிருந்தது. வழக்கமான கசடு அப்படி இருக்காது. நான் ஸ்டோருக்குப் போய் மூட்டைகளைப் பார்த்தேன். எப்போதும் எங்களுக்கு வருவது பழைய ஈயக் குழாய், கூரைத் தகடு, கேபிளின் உறை. அன்று இருந்த மூட்டைகளில் சல்லடைபோல ஓட்டை ஓட்டையான தகடுகள். ஓட்டைகளில் கறுப்பு மாவு அப்பியிருந்தது. வண்டி பேட்டரியின் உள்தகடுகள். அந்த மாவும் ஈயம்தான், தூசியாகப் பறந்து மூச்சோடு உள்ளே போகும். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. தெரியவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது.

மேனேஜரிடம் போனேன். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் அல்ல, அவருக்கும் மேலே ஆள் உண்டு.

"சார், இது பேட்டரி ஈயம். அதனாலதான் பானை ஒழுகுது."

"ஈயம்தானே? உருகுதுல்ல?"

"உருகுது சார். கசடு ஜாஸ்தி."

"கசடை எடுக்கச் சொல்லுங்க. ஒழுகுறதை நிறுத்துறதுதானே உங்க டூட்டி? ரஹ்மத் இருந்தா இந்நேரம் நிறுத்தியிருப்பார்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் குத்திவிட்டது. ரஹ்மத் பாய் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அந்த இடத்தில் நான் யோசித்திருந்தால் போதும். மூட்டையைத் திருப்பி அனுப்பியிருப்பார். நான் அதை யோசிக்கவில்லை. போனை எடுத்து அவரைக் கூப்பிடவும் இல்லை. ஒழுகலை எப்படி நிறுத்துவது என்று மட்டும் இரண்டு நாள் யோசித்தேன்.

யோசித்ததில் நல்ல வழி ஒன்று கிடைத்தது. இன்றும் சொல்கிறேன், வேலையாகப் பார்த்தால் அது நல்ல வேலை. மூன்று அங்குல இரும்புக் குழாயை வெட்டி, அடிப்பக்கத்தில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, ஸ்டீல் வலை சுற்றி, ராடைச் சுற்றி ஒரு கூண்டுபோலப் பானைக்குள் நிறுத்தினேன். கசடு எவ்வளவு இருந்தாலும் கூண்டுக்கு வெளியே நின்றுவிடும். ராடுக்குச் சுத்தமான ஈயம் மட்டும் போகும். லிவரின் முனையில் ஒன்றரைக் கிலோ பாரம் தொங்கவிட்டேன், ராடு அழுத்தமாக உட்கார. பானையைச் சூடாக்கினோம். யோகன் ஊற்றினான். லிவரை விட்டான். ஒரு சொட்டு இல்லை. தட்டு காலியாக இருந்தது.

"அண்ணே, மாயம்" என்றான் யோகன். எல்லோரும் வந்து பார்த்தார்கள். மேனேஜர் வந்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவன் காலில் இனி ஈயம் விழாது என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டும் செய்தேன் என்றால் அது பொய்.

ஒழுகல் நின்றதும் பேட்டரித் தகடுகள் அதிகமாக வர ஆரம்பித்தன. கசடு அதிகம் என்பதால் யோகன் அதிக நேரம் பானையின் மேல் குனிந்து கிளறினான். சூட்டையும் கூட்டி வைக்க வேண்டியிருந்தது. மேலே மஞ்சளும் சாம்பலுமாகப் பொடி மிதக்கும், அதைக் கரண்டியால் வழித்து டப்பாவில் கொட்டுவான். கொட்டும்போது புகைபோலத் தூசி எழும்பும். மூக்கில் துணி கட்டியிருப்பான். துணியைக் கழற்றினால் அதன் உட்பக்கமும் சாம்பலாக இருக்கும்.

இரண்டாவது மாதம் அவனுக்கு வயிற்று வலி வந்தது. கிளினிக்கில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாடு குறைந்தது. முகம் வெளுத்தது. ரூமில் எல்லோரும் ஊர் நினைப்பு என்றார்கள். மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு முடிவெட்டிக்கொண்டிருந்தவன் காதில் கத்தரியால் கிள்ளிவிட்டான். ரத்தம் வந்தது. அவன் அப்படிச் செய்ததே கிடையாது.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. கை ஒரு மாதிரி மரத்துப் போகுது."

"ஏசிக்கு நேரா படுக்காதே" என்றேன். அதுதான் நான் அவனுக்குச் சொன்ன வைத்தியம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் ஸ்டூலை வெளியே எடுக்கவில்லை.

நான்கு மாதம் முடிந்து ரஹ்மத் பாய் திரும்பினார். காலை ஏழு மணி டூட்டிக்கு நேராக ஒர்க்ஷாப்புக்கு வந்தார். எங்களுக்கெல்லாம் வாதுமைப் பருப்பு கொண்டுவந்திருந்தார். மனைவி தேறிவிட்டதாகச் சொன்னார். பானை பக்கம் போனார். கூண்டைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். யோகன் நான்கு அச்சு ஊற்றுவதைப் பார்த்தார். லிவரை அவன் இரண்டு கையாலும் பிடித்திருந்ததை அப்போதுதான் நானும் சரியாகக் கவனித்தேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

"இதை யார் செய்தது?"

"நான்தான் பாய்."

"எதனால் ஒழுகியது?"

"கசடு பாய். அது உள்ளே போகாதபடி செஞ்சுட்டேன்."

"கசடு எங்கிருந்து வந்தது?"

நான் ஸ்டோர் பக்கம் பார்த்தேன். அவர் எழுந்து ஸ்டோருக்குப் போனார். ஒரு தகடோடு திரும்பி வந்தார். கையுறைக்குள் வைத்து நொறுக்கினார். கறுப்பு மாவு தரையில் கொட்டியது. பிறகு யோகனைக் கூப்பிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார், உள்ளங்கை கீழே பார்க்க.

யோகன் நீட்டினான். இடது கை நேராக நின்றது, நடுங்கியது. வலது கை மணிக்கட்டில் மடங்கித் தொங்கியது. தூக்கு என்றார். அவன் தூக்கப் பார்த்தான். முகத்தில் தெரிந்தது, முழுப் பலத்தோடும் தூக்கப் பார்க்கிறான் என்று. கை எழும்பவில்லை. அவனே அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

ரஹ்மத் பாய் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மிஷின் சத்தமெல்லாம் நின்றதும் மேனேஜர் ஓடி வந்தார். பானைக்குள் நூறு கிலோ ஈயம் இருக்கிறது, அப்படியே உறைந்துவிடும் என்றார்.

"உறையட்டும். கலாஸ், முடிந்தது" என்றார் ரஹ்மத் பாய். யோகனைத் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. எவ்வளவு என்ற எண்ணை நான் எழுதப்போவதில்லை. அறிக்கையைப் படித்த டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார் என்று ரஹ்மத் பாய் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் கொஞ்சம் இருந்தது, ஊசி போடுகிற அளவுக்கு இல்லை. யோகனுக்கு ஆறு வாரம் ஊசி. வயிற்று வலி நின்றது, நிறம் திரும்பியது. மணிக்கட்டு திரும்பவில்லை. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் திரும்பியிருக்கலாம் என்றார் டாக்டர்.

யோகனைக் கொண்டுபோன அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் ரஹ்மத் பாய் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏன் எனக்குப் போன் பண்ணவில்லை?"



மறுநாள் உறைந்துபோன பானையிலிருந்து கூண்டை எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். உளியும் சுத்தியலும் வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, இரண்டு நாள் கொத்தினேன். பேட்டரி மூட்டைகளை அவரே நின்று லாரியில் ஏற்றி அனுப்பினார். அதன் பிறகு ஸ்டோருக்கு வரும் ஒவ்வொரு மூட்டையையும் அவர் அவிழ்த்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்.

யோகனைக் கம்பெனி ஊருக்கு அனுப்பியது. ஏர்போர்ட்டுக்கு நான் கூடப் போனேன். டிராலியை இடது கையால் தள்ளினான். கூட வந்த கம்பெனி ஆள் ஏதோ ஒரு பேப்பரில் கையெழுத்து வேண்டும் என்றார். பேனாவை வலது கை விரல்களுக்கிடையில் இடது கையால் செருகிக்கொண்டு, தோளோடு சேர்த்து நகர்த்தி எழுதினான். முடிவெட்டும் சாமானை ரூமில் ஒரு நேபாளிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். உள்ளே போகுமுன், "உங்க காது ஆறிருச்சா அண்ணே?" என்று கேட்டான்.

கூண்டைப் பற்றி அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். வரிசை நகர்ந்தது, அவன் போய்விட்டான். வரிசை நகர்ந்ததுதான் காரணம் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் போன் செய்வான், நன்றாகத்தான் பேசுவான். பிள்ளைகள் படிப்பு, மழை, தேயிலை ஃபேக்டரி கேட்டில் வாட்சர் வேலை கிடைத்தது என்று சொல்வான். ஒருமுறைகூட அந்தப் பானையைப் பற்றிப் பேசியதில்லை. நானும் பேசவில்லை. ரஹ்மத் பாய் இரண்டு வருடத்தில் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். ஒவ்வொரு பெருநாளுக்கும் நான் அவரைக் கூப்பிடுவேன். பேச்சின் முடிவில் அவர் கேட்பார், "யோகனிடம் சொன்னாயா?"

"இன்னும் இல்லை பாய்."

"சரி" என்பார்.

போன வருடம் நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த சில வாரங்களில் அவருடைய மகன் கூப்பிட்டு, அப்பா தவறிவிட்டார் என்று சொன்னார். போனை வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். இனி என்னைக் கேட்க யாரும் இல்லை என்று முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குப் பயமாக இருந்தது. மறு வாரமே டிக்கெட் எடுத்தேன். திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து ரயிலில் ஹட்டன்.

யோகன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. என் பையை இடது கையால் வாங்கிக்கொண்டான். வீடு லயத்தின் கடைசியில், சிமெண்டு பூசிய இரண்டு அறை. மனைவி புவனா டீ கொண்டுவந்து வைத்தாள். பேசி ஓய்ந்த பிறகு, அவள் உள்ளே போனதும், நான் சொல்லத் தொடங்கினேன்.

ஒழுகியது எதனால் என்று எனக்குத் தெரியும் என்றேன். மூட்டையைப் பார்த்தேன், பேட்டரி என்று தெரிந்தது, ரஹ்மத் பாய்க்குப் போன் பண்ணியிருக்கலாம், பண்ணவில்லை என்றேன். "பானை ஒழுகிக்கிட்டே இருந்திருந்தா வேலை நின்னிருக்கும் யோகா. அவங்களே அந்தத் தகடை வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க. நான்தான் கூண்டு போட்டு நிறுத்தினேன். அதனாலதான் நீ மூணு மாசம் அது மேலேயே நின்னே. கூண்டு போட்டதுக்கு என் தோள்ல தட்டினாங்க. நான் சந்தோஷப்பட்டேன்."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன், அல்லது பரவாயில்லை அண்ணே என்பான். இரண்டுக்கும் மனதைத் தயார்செய்து வைத்திருந்தேன். அவன் இரண்டும் செய்யவில்லை.

"அப்ப, நான் கை கழுவாததால இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. அவன் எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தான். அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். கம்பெனி கொடுத்தது. சுத்த விதிகளைப் பின்பற்றாமல், கை கழுவாமல் உணவு உண்டதால் தொழிலாளிக்கு இந்த நிலை ஏற்பட்டது என்று எழுதியிருந்தது. கீழே அவன் கையெழுத்து. ஏர்போர்ட்டில் தோளால் நகர்த்தி அவன் போட்ட அதே கையெழுத்து. நான் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"ஊருக்கு வந்தப்பறம் பாதர் ஒருத்தர்கிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னேன்" என்றான். "ஒன்பது வருஷமா யோசிச்சுப் பாக்கிறேன் அண்ணே. நான் எப்பவும் கழுவினேனே. எந்த நாளு கழுவாம விட்டேன்னு யோசிச்சுப் பாக்கிறேன். ஏதோ ஒரு நாள் விட்டிருப்பேன்னு நானே நம்பிட்டேன்."

"நீ கழுவினே யோகா. ரஹ்மத் பாய் இருந்தப்பவும் கழுவினே, இல்லாதப்பவும் கழுவினே. நான் பார்த்திருக்கேன்."

அவன் உள்ளே திரும்பி, "புவனா, இங்க வா" என்றான். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, எனக்குச் சொன்னதை இவளுக்கும் சொல்லுங்க."

சொன்னேன். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது. மூட்டையில் தொடங்கி, மேனேஜர், போன் பண்ணாதது, கூண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"எவ்வளவு ஏசியிருப்பேன் இவரை" என்றாள், என்னைப் பார்க்காமல். "பிள்ளைகளுக்கும் அதைத்தானே சொல்லி வளர்த்தேன். கை கழுவாட்டி அப்பா மாதிரி ஆயிருவீங்கன்னு."

அவள் தலைக்குப் பக்கத்தில் யோகனின் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று மதிய ரயிலில் நான் திரும்புவதாக இருந்தது. நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவர்கள் என்னை மன்னித்தார்களா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்கு வாயில்லை. பையை எடுக்கப் போனபோது யோகன் தடுத்தான்.

"இப்பப் போக ஏலாது அண்ணே. பிள்ளைக ரெண்டும் ஸ்கூல் விட்டு வரட்டும். அதுகளுக்கும் சொல்லிட்டுப் போங்க."

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.